கதவு எப்போதும் திறந்தே இருக்கும்

கலையரசிக்கு நாற்பத்திரண்டு பதில்கள் மனப்பாடம். கேள்வியை முழுதாகக் கேட்கக்கூட வேண்டியதில்லை. முதல் இரண்டு சொல் காதில் விழுந்தால் போதும், பதில் தானாகப் புறப்பட்டுவிடும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல என்று சொல்லலாம். ஆம்பூர்ப் பக்கத்தில் குழாயைத் திறந்தால் அப்படியெல்லாம் வருவதில்லை என்பதால் அந்த உவமை வேண்டாம்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலை. நாட்றம்பள்ளியில் காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள். ஒட்டு மேசையில் உட்கார்ந்து, ஷூவின் மேல்தோல் ஓரத்தில் சொல்யூஷன் என்ற பசையைத் தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டி, அடுத்தவளிடம் தள்ளுவாள். இந்த ஷூக்களைப் போட்டுக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர்கள், செய்தவர்கள் சந்தோஷமாக இருந்தார்களா என்று தெரிந்துகொள்ளாமல் காலை உள்ளே விடுவதில்லை. அதற்காக வருடத்துக்கு மூன்று முறை ஆடிட் வரும்.

ஆடிட் என்றதும் கணக்குவழக்கு என்று நினைக்கக் கூடாது. இது சந்தோஷத்தைத் தணிக்கை செய்வது. அன்று காலையில் கழிப்பறையில் சோப்பு தோன்றும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் குடியேறும். குழந்தைகள் காப்பகத்தின் பூட்டைத் திறந்து, தூசி தட்டி, சூப்பர்வைசர்கள் வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் கொண்டுவந்து பொம்மைகளோடு விடுவார்கள். மாலையில் பொம்மைகளைத் திருப்பி வாங்கும்போது அந்தக் குழந்தைகள் அழும் அழுகைதான் அன்றைக்குக் கம்பெனியில் ஒத்திகை இல்லாமல் நடக்கும் ஒரே காரியம்.

ஒத்திகையை நடத்துகிறவர் அரங்கநாதன். சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. மனிதவளம் மற்றும் பண்பாட்டுத் துறைத் தலைவர். அந்தப் பதவியை அவர் அறைக் கதவில் ஒரே வரியில் எழுத முடியாமல் பெயின்டர் இரண்டாவது வரிக்குப் போனான். ஆடிட்டர்கள் கேட்கக்கூடிய கேள்விகளை எல்லாம் சேகரித்து, பதில்களை நல்ல தமிழில் எழுதி, அச்சடித்து, லேமினேஷன் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பொய் சொல்லச் சொல்கிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தொழிலாளர்களுக்கு உண்மையைத் தெளிவாகச் சொல்லும் பயிற்சி போதவில்லை என்றுதான் உளமார நம்பினார். அவர் விதித்த விதிகள் மூன்று: ஆடிட்டரின் கண்ணைப் பார்க்க வேண்டும், அளவாகச் சிரிக்க வேண்டும், 'தெரியாது' என்ற சொல் வாயில் வரவே கூடாது.

கலையரசி பிளஸ் டூவில் மனப்பாடச் செய்யுளுக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். குரல் கணீரென்று இருக்கும். ஆடிட்டர் 'தற்செயலாக' யாரையாவது தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தற்செயலின் பாதையில் அவள் மேசை இருக்கும்படி சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார். சென்ற வருடம் சிறந்த பதிலளிப்புக்காக ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு வாங்கினாள்.

பதில்கள் வீட்டுக்கும் வந்தன. காய்ச்சல் முகாமுக்கு வந்த நர்ஸ் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டபோது, "எட்டு மணி நேரம், மிகைநேரப் பணி என் விருப்பத்தின் பேரில் மட்டுமே" என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்த இடுப்புவலிக்கு மாத்திரை வாங்கத்தான் அவள் அங்கே போயிருந்தாள். நர்ஸ் மாத்திரை தரவில்லை. அவள் கணவன் கார்முகிலன் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தான்.

ஆகஸ்டு மாதம் ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தீப்பிடித்தது.

பெரிய தீ என்று சொல்ல முடியாது. சொல்யூஷன் டின் ஒன்று அயர்ன் மேசைப் பக்கம் கவிழ்ந்து, குப்பென்று பற்றி, கரும்புகை கிளம்பிவிட்டது. முன்வாசல் பக்கம்தான் தீ. ஒட்டுப் பகுதியில் இருந்த அறுபது பெண்களும் பின்பக்கத்து அவசர வழிக் கதவுக்கு ஓடினார்கள். அந்த இரும்புக் கதவில் பச்சை நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் பலகை தொங்கும். அதில் ஓடுகிற மனிதனின் படம். கீழே, 'அவசர வழி. இக்கதவு எப்போதும் திறந்தே இருக்கும்.' முதலில் போய்ச் சேர்ந்தவள் கலையரசி. தள்ளினாள். கதவு நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் அவள்மேல் சாய்ந்தார்கள். அப்போது பக்கத்து மேசை நசீமுன்னிசா அவளை இடது கையால் விலக்கிவிட்டு, இன்னொரு கையில் இருந்த சுத்தியால் அந்தப் பலகையின்மேலேயே அடித்தாள். பலகை உடைந்தது. மறுபடி அடித்தாள். என்னவோ தெறித்தது. கதவு திறந்தது. எல்லோரும் வெளியே வந்து இருமினார்கள். தீயை இரண்டு பேர் மணல் கொட்டி அணைத்துவிட்டார்கள். இரண்டு பேருக்குக் கணுக்கால் பிசகியது. அதோடு முடிந்தது.

மறுநாள் தரையைக் கூட்டிக் கழுவியிருந்தது; அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒட்டுப் பகுதித் தொழிலாளி நசீமுன்னிசா, பதற்றத்தின் காரணமாக, வெறும் நாதாங்கி மட்டுமே போடப்பட்டிருந்த, கையால் தூக்கினாலே திறந்திருக்கக்கூடிய கதவைச் சுத்தியால் தாக்கி நிறுவனச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாலும், கதவு பூட்டியிருந்தது என்று வதந்தி பரப்பியதாலும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறாள், விசாரணை நடைபெறும்.

நசீமுன்னிசாவுக்கு அங்கே பதினோரு வருட சர்வீஸ். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்தி. விசாரணையில் குற்றம் என்று முடிவானால் டிஸ்மிஸ். இந்த வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் அப்படி வெளியேறியவளுக்கு இன்னொரு கம்பெனியின் கேட் திறக்காது. ஆள் வருவதற்கு முன்னால் பெயர் போய்ச் சேர்ந்துவிடும். கதவை முதலில் தொட்டவள் என்ற முறையில் கலையரசியை நசீமுன்னிசா சாட்சியாகப் போட்டாள். மற்ற ஐம்பத்தெட்டுப் பேரும் முதுகுகளை மட்டுமே பார்த்ததாகச் சொல்லிவிட்டார்கள்.

கதவைப் பூட்டிவைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தோல் துண்டு வெளியே போய்விடும் என்ற பழைய பயம். ஆனால் பூட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. அதன்முன்னால் எப்போதும் பலகை தொங்கியது. மேசைகளும் கதவுக்கு முதுகு காட்டித்தான் போடப்பட்டிருந்தன.

அடுத்த மூன்று வாரமும் கலையரசியின் ஞாபகத்தின்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேலை செய்தார்கள். கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவுக்கு 'நம் குடும்பம்' என்று பெயர். அதில் தினமும் காலையில் ஒரு வீடியோ வரும். போன வருடத் தீயணைப்புப் பயிற்சியில் எடுத்தது. அவசர வழிக் கதவு தாராளமாகத் திறந்திருக்கிறது; பெண்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டே வெளியே போகிறார்கள். முதல் ஆளாகப் போவது கலையரசி. தன் முகத்தை அவள் முப்பது தடவையாவது பார்த்திருப்பாள். வீடியோவில் இருக்கிறவளுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை.

தொழிற்சங்கச் செயலாளர் ஜெயசீலன் துண்டுப் பிரசுரத்தில் நம்பிக்கை உள்ளவர். முதல் பிரசுரத்தில் ஒரு பூட்டு இருந்தது. இரண்டாவதில் மூன்று பூட்டுகளும் இரும்புச் சங்கிலியும் வந்தன. மூன்றாவதில் அறுபது பெண்கள் இருநூறு பேர் ஆனார்கள்; ஒட்டுப் பகுதி 'மரணக் கூண்டு' ஆனது. எண்ணிக்கை ஏறியது ஏன் என்று யாரோ கேட்டதற்கு, உணர்வுக்கு எண்ணிக்கை கிடையாது தோழரே என்றார். அவர் பேசும்போது எதிரில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் மைதானம் நிறைந்திருப்பதுபோலத் தலையை இடமும் வலமும் திருப்புவார்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் அவர் கலையரசியை டீக்கடையில் உட்காரவைத்து பதினோரு அம்சங்களை எழுதிக் கொடுத்தார். "இதுல ஒரு வரி மிஸ் ஆவக்கூடாது. கண்ணைப் பாத்து சொல்லு. தெரியலன்னு மட்டும் சொல்லிடாத," என்றார்.

இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் மனப்பாடம் அவளுக்குப் பழகிய வேலை. பஸ் நாட்றம்பள்ளி போய்ச் சேருவதற்குள் பதினோரு அம்சமும் உள்ளே இறங்கிவிட்டன. ஏற்கெனவே உள்ளே இருந்த நாற்பத்திரண்டு பதில்களும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தன. அன்றிரவு படுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். ஒருமுறை திறந்தது. ஒருமுறை சங்கிலி குலுங்கியது.

விசாரணை அதிகாரி சுந்தரமூர்த்தி, வேலூரிலிருந்து கம்பெனி அமர்த்திய வக்கீல். எதையும் சொல்வதற்கு முன்னால் தான் நடுநிலையானவர் என்று சொல்லுவார். சொல்லி முடித்துவிட்டு மறுபடி ஒருமுறை சொல்லுவார். கம்பெனியின் மாநாட்டு அறையில் உட்கார்ந்தார். ஆடிட்டர்கள் உட்காரும் அதே அறை, அதே நீள மேசை, அதே ஏசி. மேசைமேல் அதே பிளாஸ்டிக் பூ. ஓரத்தில் அரங்கநாதன் அதே டையோடு. எதிர்ப்பக்கம் நசீமுன்னிசாவும் அவளுக்கு உதவியாக ஜெயசீலனும். கேள்விகளை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தவர் அரங்கநாதன். தன்னிடம் இருந்த பழைய கேள்விப் பட்டியலிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். புதிதாக எழுத வேண்டிய அவசியம் அவருக்குத் தெரியவில்லை.

"வேலை நேரத்தில் அவசர வழிக் கதவு திறந்து வைக்கப்படுகிறதா?" என்று சுந்தரமூர்த்தி வாசித்தார்.

பதினெட்டாவது கேள்வி. கலையரசி அவர் கண்ணைப் பார்த்தாள். அளவாகச் சிரித்தாள்.

"ஆமாம் சார். வேலை நேரத்தில் எப்போதும் திறந்தே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி அளிக்கிறார்கள். நாங்கள் பாதுகாப்பாக உணர்கிறோம்."

அதிகாரியின் குமாஸ்தா அதைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டான். ஜெயசீலன் இருமினார். அந்த இருமல் சத்தத்தில்தான் தான் என்ன சொன்னோம் என்பது கலையரசியின் காதுக்கே வந்து சேர்ந்தது. பதறிப்போய் அவள் மனதுக்குள் இருந்த மற்றப் பட்டியலைத் திறந்தாள். மூன்று பூட்டு, இரும்புச் சங்கிலி, இருநூறு பெண்கள், மரணக் கூண்டு என்று பதினோரு அம்சங்களும் வரிசை பிசகாமல் வந்து விழுந்தன.

சுந்தரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். தான் நடுநிலையானவர் என்றார். பிறகு, எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு கதவுக்கு மூன்று பூட்டும் ஒரு சங்கிலியும் எதற்கு என்று விசாரித்தார். கலையரசி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தக் கேள்விக்கு இரண்டு பட்டியலிலும் பதில் இல்லை.

சாட்சி நம்பத்தகுந்ததாக இல்லை என்று தெரிகிறது, ஆயினும் நியாயத்தின் பொருட்டு இன்னொரு வாய்ப்பு தரப்படும் என்று அடுத்த வியாழனுக்கு ஒத்திவைத்தார். வெளியே வந்ததும் நசீமுன்னிசா செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அரங்கநாதன் கலையரசியிடம் வந்து, உண்மையான தெளிவு எப்போதும் இயல்பாக வரும் என்று பாராட்டினார். அவர் குரலில் கிண்டலே இல்லை. அது அவளை இன்னும் கலக்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் நசீமுன்னிசாவின் வீட்டைத் தேடிப் போனாள். நசீமுன்னிசா முன்னறையில் உட்கார்ந்து, ஏஜெண்ட் கொடுத்த மொக்காசின் ஷூக்களைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு எடுத்து வந்து தைக்கிற வேலை. ஒரு ஜோடிக்குக் கிடைப்பதில் ஒரு டீ குடிக்கலாம். இரண்டு கையிலும் ஊசி. நூலை இழுக்கும்போது கைகள் சிறகுபோல விரியும். நிறுத்தவில்லை.

"வா. பெரிய ஆளு. ஹாட்பாக்ஸ் எடுத்துனு வர்லயா?" என்றாள்.

கலையரசி தரையில் உட்கார்ந்து அழுதாள். வேண்டுமென்று செய்யவில்லை, வாய் தானாகப் பேசிவிட்டது என்றாள். கம்பெனிக்காரர்கள் காசு கொடுத்ததாக நினைக்க வேண்டாம் என்றாள். காசு கொடுத்திருந்தாலாவது பரவாயில்லை, அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நசீமுன்னிசா சொன்னாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, நீ சொல்லிக் குடுக்கா," என்றாள் கலையரசி. "அன்னிக்கி இன்னா நடந்துச்சின்னு நீ சொல்லு. அப்படியே மனசுல ஏத்திக்கிறேன். வேற எதுவும் சொல்லமாட்டேன்."

"நான் சொல்லமாட்டேன்."

"ஏன்க்கா?"

"அவங்க நாப்பத்திரண்டு சொல்லிக் குடுத்தாங்க. ஜெயசீலன் பதினொண்ணு சொல்லிக் குடுத்தாரு. நானும் ஒண்ணு குடுத்தா அம்பத்திநாலு. உனக்கு பேஜாராப் போய்டும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீ பாத்தத சொல்லு. அவ்ளோதான்."

"நான் இன்னா பாத்தேன்னே தெரியலயேக்கா."

நசீமுன்னிசா ஊசியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. பிறகு அடுத்த ஷூவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கலையரசிக்கு அந்த மறுப்பு பெரிய நேர்மையாகத் தெரிந்தது. வேலை போகப்போகிறது, கையில் இருப்பது ஒரே ஒரு சாட்சி, அவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்டவளுக்குப் போய்த் துரோகம் செய்தோமே என்று நொந்துகொண்டாள். அன்று முதல் தினமும் கண்ணை மூடிக்கொண்டு வெறும் கதவை மட்டும் நினைத்துப் பார்த்தாள். புகை வந்தது. கை இரும்பைத் தொட்டது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் வீடியோவும் துண்டுப் பிரசுரமும்தான்.

வியாழக்கிழமை அதே அறை. சுந்தரமூர்த்தி நடுநிலையைச் சொல்லிவிட்டு, அதே தாளிலிருந்து அதே கேள்வியை வாசித்தார். கலையரசியின் நாக்கு 'ஆமாம்' என்று எழுவதை அவளே உணர்ந்தாள். பல்லைக் கடித்து அதை உட்காரவைத்தாள். மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் பூவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"தெரியல சார்."

அந்த அறையில் அந்தச் சொல் அதற்கு முன் உச்சரிக்கப்பட்டதில்லை. அரங்கநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். ஜெயசீலன் தன் தாளைப் புரட்டினார்; பதினோரு அம்சங்களில் அது இல்லை.

"தெரியாது என்றால்? பூட்டியிருந்ததா, இல்லையா?"

"நான் தள்ளுனேன் சார். வர்ல. பூட்டா நாதாங்கியான்னு பாக்கல. பலகைதான் தெரிஞ்சிது. அதுக்கப்புறம் இவங்களும் சொன்னாங்க, அவங்களும் சொன்னாங்க. இப்ப எது நான் பாத்தது, எது கேட்டதுன்னு பிரிக்க முடியல." பூவிலிருந்து கண்ணை எடுத்தாள். "கதவு இங்கருந்து நாலு மேசை தள்ளிதான் சார் இருக்குது. போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

இதுவரை நடந்த இரண்டு அமர்விலும் கதவைப் பற்றி நாற்பது பக்கம் பதிவாகியிருந்தது. கதவின் நீள அகலம், வாங்கிய வருடம், தீயணைப்பு விதிகள் எல்லாம் அதில் இருந்தன. கதவைப் போய்ப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுந்தரமூர்த்திக்கு அது நடைமுறையில் உண்டா என்று சந்தேகம் வந்தது. ஆனால் முதலில் எழுந்து நின்றவர் அரங்கநாதன். தாராளமாகப் பார்க்கலாம், ஒளிவுமறைவு நம் பண்பாட்டிலேயே கிடையாது என்றார். பண்பாடு அவர் துறையாயிற்றே.

ஊர்வலமாகப் போனார்கள். ஒட்டுப் பகுதியில் சுத்திச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கதவுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தது. புதுப் பச்சைப் பலகை பளபளவென்று தொங்கியது. அரங்கநாதன் கூட்டத்துக்கு முன்னால் போய், விருந்தாளியை உள்ளே அழைப்பவர்போல ஒரு கையை நீட்டிக்கொண்டு, "பாருங்க சார்," என்று மறு கையால் கதவைத் தள்ளினார்.

கதவு வரவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே இன்னொருமுறை தள்ளினார். பிறகு தோளால் தள்ளினார். பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். மூன்றாவது முறை தள்ளியபோது பலகை ஆடி இரும்பில் டங்கென்று மோதியது. சுந்தரமூர்த்தி குமாஸ்தாவைப் பார்த்து, அந்தப் பலகையைக் கொஞ்சம் தூக்குப்பா என்றார். குமாஸ்தா தூக்கினான். பின்னால் ஒரு புதுப் பித்தளைப் பூட்டு. பலகை தொங்கிய கம்பி அந்தப் பூட்டில்தான் மாட்டியிருந்தது. இரும்புக் கதவில் ஆணி இறங்காது. நாதாங்கியையோ அதில் தொங்கும் பூட்டையோ விட்டால், எப்போதும் திறந்தே இருக்கும் என்ற பலகையை மாட்ட வேறு இடம் இல்லை.

அரங்கநாதனின் முகத்தைப் பார்த்தவர்கள், அவர் நடிக்கவில்லை என்று பின்னால் சொன்னார்கள். இந்த இரண்டு வருடத்தில் அவர் இந்தக் கதவுப் பக்கம் வந்தது ஆடிட் நாட்களில் மட்டும். பதினெட்டாவது பதிலை அவரே எழுதி, அவரே சொல்லிக்கொடுத்து, இருநூறு வாயிலிருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டவர். அவ்வளவு பேர் சொல்லும்போது அவர் நம்பாமல் என்ன செய்வார்?

"யார் இதைப் பூட்டினது?" என்றார் அடங்கிய குரலில்.

செக்யூரிட்டி சின்னசாமி முன்னால் வந்தார். பதினாறு வருடமாகச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. "நான்தான் சார். எப்பவும் போட்றதுதான். ஆடிட் அன்னிக்கி எடுத்துருவேன். இன்னிக்கி ஆடிட்டுன்னு யாரும் சொல்லலயே சார்."

ஜெயசீலன் பலகைக்குக் கீழே குனிந்து பார்த்தார். அவருக்கு அது முழு வெற்றியாகத் தெரியவில்லை. "சங்கிலி?" என்று மெதுவாகக் கேட்டார். சங்கிலியெல்லாம் கிடையாதுங்க, இது ஒண்ணுதான் என்று சின்னசாமி உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

சுந்தரமூர்த்தி அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து குமாஸ்தாவுக்குச் சொன்னார்: நேரில் பார்வையிட்டபோது மேற்படி அவசர வழிக் கதவானது தற்காலிகமாகத் திறக்கவியலாத நிலையில் காணப்பட்டது.

நசீமுன்னிசா அதுவரை பின்னால்தான் நின்றிருந்தாள். இப்போது வந்து குமாஸ்தாவின் பக்கத்தில் நின்றாள். "பூட்டுன்னு எழுதுங்க சார்."

"அதைத்தான் சட்டப்படியான மொழியில் சொல்லியிருக்கிறேன் அம்மா."

"என் வேலை அந்த வரிலதான் இருக்குது சார். எனக்குப் புரியறாப்ல எழுதுங்க. பூட்டு. பித்தள பூட்டு."

அறுபது சுத்திகள் சும்மா இருந்தன. சுந்தரமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். நடுநிலை என்பது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினாரோ என்னவோ. கடைசியில் குமாஸ்தாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். குமாஸ்தா எழுதினான்.

நாலு நாள் கழித்து நசீமுன்னிசாவை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அறிவிப்புப் பலகையில், நிர்வாகம் எப்போதும்போலப் பெருந்தன்மையுடன் நடந்துகொண்டது என்று இருந்தது. கேட்டுக்கு வெளியே சங்கத்தின் பிளெக்ஸ் பேனர், மூன்று பூட்டுகளையும் தகர்த்த வீரப்பெண் என்றது. நசீமுன்னிசா இரண்டையும் படித்துவிட்டு உள்ளே வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். சொல்யூஷன் டப்பாவைத் திறந்தாள். கலையரசி தன் டிபனிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். ஆம்பூரில் அன்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காமல் இருந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை என்றாள். வேறு யாராக இருந்தாலும் தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றாள்.

நசீமுன்னிசா இட்லியை மென்று முடித்தாள்.

"நீ வேற. எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லிக் குடுத்திருக்கமாட்டேனா?" என்றாள்.

கலையரசிக்குப் புரியவில்லை.

"நானும் அந்த வீடியோவ தெனமும் பாத்தேன். பாத்துப் பாத்து, நாதாங்கி மட்டுந்தான் இருந்துச்சோ, பயத்துல அடிச்சிட்டோமோன்னு ஆயிடுச்சி. புகைல நான் இன்னாத்த கண்டேன். பலகை மேல அடிச்சேன். எதுவோ ஒடஞ்சிது. பூட்டா நாதாங்கியா, யாருக்குத் தெரியும்? உங்கிட்ட கேக்கலாமான்னு இருந்தேன். நீயே வந்து எங்கிட்ட கேட்ட."

"அப்ப அன்னிக்கி பூட்டுன்னு எழுதச் சொன்னியேக்கா."

"அது போன வியாழக்கிழமை இருந்த பூட்டு. அத கண்ணால பாத்தேன். சொன்னேன்." சுத்தியைக் கையில் எடுத்தாள். "தீ புடிச்ச அன்னிக்கி இருந்துச்சான்னு எனக்குத் தெரியல."

"இருந்துச்சின்னுதானே சின்னசாமி அண்ணன் சொல்றாரு. எப்பவும் போடுவாராம்."

"எப்பவும்னுதான் எல்லாரும் சொல்றாங்க," என்றாள் நசீமுன்னிசா.

கலையரசி அதைப் பற்றி யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒரு சின்னசாமி பூட்டைப் போட்டார், இன்னொரு சின்னசாமி மறந்துபோனார். இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

"வெளிய வந்தோம் இல்ல?" என்று கேட்டாள்.

"வந்தோம்."

"அது நிச்சயமா?"

நசீமுன்னிசா சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, அன்று கலையரசியை விலக்கிய தன் இடது கையைப் பார்த்தாள், பிறகு கலையரசியின் முகத்தைப் பார்த்தாள். வரிசையின் கடைசியிலிருந்து சூப்பர்வைசர் பீஸ் வரவில்லை என்று சத்தம் போட்டார். இரண்டு பேரும் தோலை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்கள்.